ஜின்தனாவும் க்யூவில் தொடங்கும் சொற்களும்

ஜின்தனா தைத்த சட்டையைப் போடாமல் எங்கள் தெருவிலிருந்து ஒரு பிள்ளையும் பள்ளிக்கூடம் போனதில்லை. திராங் மணிக்கூண்டுக்குப் பின்பக்கம், என் காப்பிக்கடைக்கு எதிர்ச்சாரியில் இருந்தது அவள் வேலை பார்த்த சீருடைக் கடை. மே மாதம் பள்ளி திறக்கும் முன்பு அவள் தலை நிமிர மாட்டாள். மற்ற மாதங்களில் நேரம் மிச்சமாகக் கிடக்கும். அந்த மிச்ச நேரம்தான் அவளை என் கடை மாடிக்கு ஏற்றியது.

மாடியில் ஸ்கிராபிள் ஆடுவார்கள். கட்டம் போட்ட அட்டையில் ஆங்கில எழுத்துக் கட்டைகளை வைத்துச் சொல் கோக்கும் ஆட்டம். தாய்லாந்துப் பள்ளிக்கூடங்களில் அது பரவிய காலம் அது. மாற்றலாகிப் போன வாத்தியார் ஒருவர் பாக்கிக் கணக்குக்குப் பதிலாக ஒரு அட்டையை எங்களிடம் விட்டுவிட்டுப் போனார். எதையும் தூக்கிப் போடத் தெரியாத என் வீட்டுக்காரர் தெங், அதை மாடியில் விரித்து வைத்தார். முதலில் பள்ளிப் பிள்ளைகள் வந்தார்கள். பிறகு பெரியவர்கள் வந்து பிள்ளைகளைத் துரத்திவிட்டார்கள். இன்சூரன்ஸ் ஏஜெண்ட் சதபோன், மருந்துக்கடைக்காரர், கந்தாங் துறைமுகத்துக் குமாஸ்தாக்கள் என்று ஒரு கூட்டம் சேர்ந்தது. ஒருவருக்கும் ஆங்கிலம் பேச வராது. வெள்ளைக்காரர் யாராவது கடைக்குள் நுழைந்து கழிப்பறை எங்கே என்று கேட்டால், மாடியில் இருந்த வீரர்கள் அத்தனை பேரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். கடைசியில் தெங்தான் கையைக் காட்டுவார்.

ஆட்டத்துக்குப் பேச்சு தேவையில்லை. வைத்த சொல் புத்தகத்தில் இருந்தால் சரி. அந்தப் புத்தகமும் அகராதி இல்லை. வெறும் சொற்கள், வரிசை வரிசையாக. அர்த்தம் ஒன்றுக்கும் கிடையாது. முதல் இரண்டு மூன்று எழுத்தைப் பிடித்துக்கொண்டு, அதில் தொடங்கும் சொல்லையெல்லாம் கோவையாக மனப்பாடம் செய்வார்கள். ஆளுக்குக் கொஞ்சம் என்று பங்கு பிரித்தபோது க்யூ எழுத்தை யாரும் தொடவில்லை. கையில் வந்தாலே தொல்லை தரும் கட்டை அது.

"எனக்குக் குடுங்க" என்றாள் ஜின்தனா. "எங்க கடையிலயும் யாரும் தொடாத காலர் வேலை எனக்குத்தான் வரும்."

சதபோன் சிரித்தார். "காலர் கிழிஞ்சா ஒட்டுப் போடலாம் தங்கச்சி. க்யூ கிழிஞ்சா ஒண்ணும் பண்ண முடியாது."

அவள் அந்தச் சொற்களைத் துணி வெட்டும் அளவுகள் போலத்தான் மனதில் வைத்துக்கொண்டாள். க்யூ, யூ, இ என்பது தோள்பட்டை. அதற்குப் பின்னால் வருவது கையா, கழுத்தா என்பதுதான் சொல்லுக்குச் சொல் மாறும். அவள் என்னிடம் அப்படித்தான் சொன்னாள்.

அவள் ஒப்பிப்பதைப் புத்தகம் வைத்துச் சரிபார்க்க ஒரு ஆள் வேண்டியிருந்தது. "நான் பாக்குறேன்" என்று முன்வந்தவர் தவின்.

தவின், மாமாவின் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்ப்பவர். சுவரில் எழுத்து அட்டையை மாட்டி, வருகிறவர்களை வாசிக்கச் சொல்லிக் கண் பார்ப்பவரும் அவர்தான். ஒல்லியாக, எப்போதும் பாதிச் சிரிப்போடு இருப்பார். தவின் என்றால் எங்கள் மொழியில் ஏங்குவது. அவர் அம்மா அதை யோசித்துத்தான் வைத்தாளோ என்னவோ. அவருடைய ஏக்கமெல்லாம் அப்போது என் கடையின் வறுத்த பன்றி இறைச்சி மீதுதான் என்று நான் நினைத்திருந்தேன்.

இருவரும் ஜன்னலோரம் உட்காருவார்கள். அவர் "க்யூ, யூ, இ" என்பார். அவள் கண்ணை மூடிக்கொண்டு வரிசையாகச் சொல்வாள். உச்சரிப்பு எப்படி என்று இருவருக்கும் தெரியாது, வாய்க்கு வந்தபடிதான். ஒருநாள் நான் காப்பி கொண்டுபோனபோது தவின் வானத்தைப் பார்த்து "க்வே" என்றார்.

"அது நான் சொல்லியாச்சே" என்றாள் அவள்.

"இது வேற. மழை வருது. இனிமே க்வேன்னா மழை வருதுன்னு அர்த்தம்."

"அது எப்படி நீங்களா வைக்கலாம்?"

"யாரு வந்து கேக்கப் போறா? இந்த ஊர்ல இந்தச் சொல்லு தெரிஞ்சது நாம ரெண்டு பேருதான்."

அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப க்வேனான்னா பசிக்குது" என்றாள்.

அப்படி ஆரம்பித்தது. க்வெர்ன் என்றால் எழுந்து போய்விடலாம் வா. சதபோன் தன் இன்சூரன்ஸ் கதையை எடுத்ததும் இருவரில் ஒருவர் க்வெர்ன் என்பார், இன்னொருவர் செருப்பைத் தேடுவார். க்வேலியா என்றால் நீ சொல்வது பொய். க்வியான் என்ற சொல்லுக்கு மட்டும் அவர் அர்த்தமே சொல்லவில்லை. அவளைக் கூப்பிட அதை வைத்துக்கொண்டார். தெருமுனையில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி "க்வியான்!" என்று குரல் கொடுப்பார். அவள் ஊசியை நெஞ்சில் குத்திக்கொண்டு ஓடி வருவாள்; சட்டை நெஞ்சில்தான்.

மாடியில் எல்லாருக்கும் விஷயம் தெரியும். "ஏம்ப்பா தவின், எங்களுக்கும் அந்த பாஷையைக் கத்துக் குடேன்" என்பார் சதபோன்.

"கட்டணம் கட்டணும்ணே."

"எவ்வளவு?"

"ஒரு நாள் முழுக்க இன்சூரன்ஸ் பத்திப் பேசக் கூடாது."

அவர்கள் ஒருவரிடம் ஒருவர் கல்யாணம் பற்றிப் பேசியதாகத் தெரியவில்லை. அவசரமில்லை என்று இருந்துவிட்டார்கள். அந்த வயதில் காலம் நம் வீட்டுப் பின்கட்டில் கட்டிப்போட்ட மாடு மாதிரி, எங்கே போய்விடப்போகிறது என்று தோன்றும்.

தவினின் அம்மா திடீரென்று இறந்தாள். அவளுக்கு ஒரு ஆசை இருந்தது, எங்கள் ஊர் அம்மாக்கள் எல்லாருக்கும் இருப்பதுதான்: மகன் ஒரு மழைக்காலமாவது காவி கட்ட வேண்டும். தவின் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டிருந்தார். அம்மா போன பிறகு அந்த நினைப்பு அவரைத் தூங்க விடவில்லை. ஒரு மழைக்காலம், மூன்று மாதம், புண்ணியத்தை அம்மாவுக்குக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன் என்றார்.

பிட்சுவாகப் போகிறவரை வெள்ளையுடையில் ஊர்வலமாகக் கோயிலுக்குக் கூட்டிப்போவோம். அவருடைய பொருள்களை ஆளுக்கொன்றாக எடுத்து வருவார்கள். தலையணையைத் தூக்குகிறவள் அவருக்கு வேண்டிய பெண் என்பது ஊர் அறிந்தது. முந்திய நாள் தவினின் அக்கா ரச்சனி என் கடைக்கு வந்து, எல்லார் முன்னாலும், "ஜின், தலைகாணிய நீ எடுத்துக்கிறியா?" என்று கேட்டாள்.

ஜின்தனா முகம் சிவந்து, "எடுத்துக்கிறேன்க்கா" என்றாள். அவ்வளவுதான். மாடியில் இருந்தவர்கள் மேசையைத் தட்டினார்கள். சதபோன், "மூணு மாசம் கழிச்சு அந்தத் தலைகாணியைத் திருப்பி வாங்கிக்க மறந்துடாதே" என்றார்.

அன்று மழை பெய்தது. மேளம் நனைந்து சத்தம் மட்டுப்பட்டது. ஜின்தனா ரோஜா நிறப் பாவாடை கட்டி, தலையணையை நெஞ்சோடு அணைத்து, பிளாஸ்டிக் தாளால் மூடி நடந்தாள். தான் நனைவதைப் பற்றி அவளுக்கு நினைவில்லை. மழித்த தலையோடு தவினைப் பார்த்தபோது நாங்கள் சிரித்தோம். காது இரண்டும் அவ்வளவு பெரியவை என்று யாருக்கும் அதுவரை தெரியாது.

மழைக்காலம் முடிந்தது. கோயிலுக்குப் புது ஆடை கொடுக்கும் விழாவும் முடிந்தது. அவரோடு காவி கட்டியவர்கள் எல்லாம் கால்சட்டை மாட்டிக்கொண்டு திரும்பினார்கள். தவின் வரவில்லை.

"இன்னும் கொஞ்ச நாள் இருக்கேங்கிறான்" என்றாள் ரச்சனி. அடுத்த முறை கேட்டபோது "தெரியல ஜின்" என்றாள். அதற்குப் பிறகு ஜின்தனா அவளிடம் கேட்கவில்லை.

காலையில் பிட்சுக்கள் பாத்திரத்தோடு எங்கள் தெரு வழியாக வருவார்கள். வரிசையில் அவரும் வருவார். ஜின்தனா சோறு வடித்து, செருப்பைக் கழற்றிவிட்டு, கடை வாசலில் நிற்பாள். அவர் கண்ணைத் தரையில் வைத்தபடி வந்து மூடியைத் திறப்பார். அவள் ஒரு கரண்டி சோறும் வாழையிலையில் கட்டிய கறியும் வைப்பாள். மூடிக்கொண்டு போய்விடுவார். வானம் கறுத்திருந்த ஒரு காலையில் அவள் உதடு அசைந்ததை எதிர்ச்சாரியிலிருந்து நான் பார்த்தேன். என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியும். அவர் நிமிரவில்லை. அடுத்த வீட்டு வாசலுக்கு நகர்ந்தார்.

இப்படியே வருஷங்கள் போயின. பெண் கேட்டு வந்தவர்கள் உண்டு. மருந்துக்கடைக்காரரின் தம்பி நல்ல பையன். சீருடைக் கடையில் தேவையில்லாமல் மூன்று கால்சட்டை தைத்துக்கொண்டான். அவள் அளவெடுத்தாள், தைத்தாள், அனுப்பிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மாடிக்கு வருவதை மட்டும் நிறுத்தவில்லை. போட்டிகளுக்கு ஹாட்யாய் போனாள், பேங்காக் போனாள், சின்னக் கோப்பைகள் வாங்கி வந்தாள். ஆனால் ஜன்னலோர நாற்காலியில் அவளுக்கு எதிரே உட்கார்ந்து "க்யூ, யூ, இ" என்று யாராவது சொன்னால் எழுந்து போய்விடுவாள்.

ஒருமுறை துணி எடுக்க நானும் அவளும் ஹாட்யாய் போயிருந்தோம். அங்கே ஒரு புத்தகக் கடையில், அர்த்தத்தோடு கூடிய பெரிய ஆங்கில அகராதி ஒன்றை வாங்கினாள். ஒரு மூட்டை அரிசி கனம். "எதுக்குடி இது?" என்றேன்.

"இத்தனை வருஷமா வாயில வச்சிருக்கேன். என்னன்னு தெரிஞ்சுக்கணும் இல்லியா அக்கா?"

திரும்பும் வேனில் மடியில் வைத்துப் பிரித்தாள். க்வேனா, தென்னமெரிக்க மலைக்காரர்கள் ஊதும் புல்லாங்குழலாம். பசிக்கு வைத்த பெயர் புல்லாங்குழலாகிப் போனதில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. க்வெர்ன் என்பது மாவு அரைக்கும் கல் திருகை. "சதபோன் அண்ணன் பேசுறதும் அதேதான்" என்றேன் நான். க்வேலியா ஆப்பிரிக்காவில் ஒரு சின்னக் குருவி. கூட்டமாக வந்து விழுந்தால் ஒரு வயல் தானியம் முழுக்கப் போய்விடும். ஒவ்வொன்றையும் எனக்கு வாசித்துக் காட்டியவள், க்வியானுக்கு வந்ததும் நிறுத்திவிட்டாள். புத்தகத்தை மூடி ஜன்னல் பக்கம் பார்த்தாள். ரப்பர் தோட்டங்கள் ஓடிக்கொண்டிருந்தன.

மறுநாள்தான் சொன்னாள். "நடத்தை கெட்டவள்னு போட்டிருக்கு அக்கா."

"அவனுக்கு எங்கடி தெரியும்? அர்த்தமே இல்லாத புத்தகத்தைத்தானே வச்சிருந்தான்."

"தெரியாதுன்னு எனக்கும் தெரியும். ஆனா அந்தக் குரல் காதுல கேக்குறப்பெல்லாம் இனிமே இதுவும் சேந்து கேக்கும்ல?"

க்வே என்ற சொல் அந்தப் பெரிய அகராதியிலும் இல்லை. அது அவளை இன்னும் வருத்தியது. மழை வருது என்பது யாருக்கும் இல்லாத சொல்லாக நின்றது.

அப்போது எங்கள் ஊர்ப் பள்ளியில் ஆலிஸ்டர் என்று ஒரு ஸ்காட்லாந்துக்காரர் பாடம் சொல்லிக்கொடுத்தார். தினமும் என் கடையில் கெட்டிப்பால் காப்பி குடிப்பார். எங்கள் மொழியை உடைத்து உடைத்துப் பேசுவார். நான்தான் அவரிடம் ஜின்தனாவை இழுத்துக்கொண்டு போனேன். அவள் ஒரு தாளில் க்வே என்று ஆங்கில எழுத்தில் எழுதி முன்னால் தள்ளினாள்.

அவர் காப்பித் தம்ளரைக் கீழே வைத்தார். "இது எங்கே கிடைச்சுது உனக்கு?"

"ஆட்டத்துல."

"எங்க அப்பா மாட்டுப் பண்ணை. இன்னும் கன்னு போடாத சின்னப் பசு... அதுக்கு இந்தப் பேரு. குவைன்னு சொல்வோம். சந்தையில அப்பா என்னை நிக்க வச்சு, அந்தக் குவையைப் பாரு, இந்தக் குவையைப் பாரும்பார்." அவர் அந்தச் சொல்லை மறுபடி மறுபடி சொல்லிப் பார்த்தார். "ஊரை விட்டு வந்த பின்னாடி இதை யாரும் எங்கிட்ட சொல்லலை. திராங்ல ஒரு தையக்காரம்மா சொல்றாங்க!" கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். எனக்குப் பாவமாகி, ஒரு தட்டு பொரித்த மாவு கொண்டுவந்து வைத்தேன்.

ஜின்தனா இரண்டாவது தாளை ரொம்பத் தயங்கி எடுத்தாள். க்வியான். "இது கெட்ட வார்த்தையா வாத்தியாரே?"

"புத்தகத்துல அப்படி இருக்கும். எங்க ஊர்ப் பக்கம் இல்ல. எங்க வீட்ல என் தங்கச்சியைக் கூப்பிடுறதே இதை வச்சுத்தான். பொண்ணு... சின்னப் பொண்ணு. அவ்வளவுதான்."

"திட்டுறது இல்லியே?"

"திட்டா? ஆசையாக் கூப்பிடுறது."

அவள் தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள். அந்த வாரம் முழுக்க மிஷினில் உட்கார்ந்து பாடிக்கொண்டே தைத்தாள் என்று கடை முதலாளியம்மா புகார் சொன்னாள்.

இதையெல்லாம் தவினிடம் சொல்ல வேண்டும் என்று அவளுக்கு ஆசை. பெண்பிள்ளை தனியாகப் பிட்சுவிடம் போய்ப் பேச முடியாது. துணைக்கு நான் போனேன். கோயில் மண்டபத்தில், விசிறி ஒரு பக்கமாக ஆடிக்கொண்டிருக்க, அவர் மேடையில் அமர்ந்திருந்தார். முகம் சதை வைத்து அமைதியாக இருந்தது. நாங்கள் கீழே காலை மடித்து உட்கார்ந்து மூன்று முறை வணங்கினோம்.

"யோம் சௌக்கியமா?" என்றார். பக்தர்கள் எல்லாரையும் பிட்சுக்கள் அழைக்கும் சொல் அது. என்னையும் யோம் என்றார், அவளையும் யோம் என்றார். ஜின்தனாவின் தோள் கொஞ்சம் இறங்கியதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

"சௌக்கியம் சாமி." பிறகு அவள் சொல்லத் தொடங்கினாள். புல்லாங்குழல், திருகை, குருவி, கன்று போடாத பசு. பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னாள். க்வியானைச் சொல்லவில்லை. எப்போது வருவீர்கள் என்று கேட்கத்தான் அவள் வந்தாள் என்பது எனக்குத் தெரியும். அதையும் கேட்கவில்லை.

அவள் முடிக்கும்வரை அவர் கேட்டார். "நல்லது யோம். அந்தச் சொல்லெல்லாம் இப்ப ஞாபகம் இல்லை" என்றார் மெதுவாக.

வெளியே வந்து செருப்பை மாட்டும்போது ஜின்தனா தனக்குள், "க்வேலியா" என்றாள். பொய் சொல்கிறார் என்று அவள் நம்பினாள். அந்த நம்பிக்கையில்தான் மேலும் பல வருஷம் ஓட்டினாள். அவரை வடக்கே ஒரு காட்டுக் கோயிலுக்கு அனுப்பிவிட்டார்கள். காலையில் அவள் சோறு வைப்பது நிற்கவில்லை. வரிசையில் இருந்த மற்றவர்களுக்கு வைத்தாள்.

பிறகு, எதிர்பாராத ஒரு நாள், தவின் திரும்பி வந்தார். அவருடைய மாமாவுக்கு வாதம் வந்து கடை மூடிக் கிடந்தது. பார்க்க வேறு ஆள் இல்லை. வடக்கிலேயே காவியைக் கழற்றிவிட்டு ரயிலேறி வந்திருந்தார். என் கடைக்குள் நுழைந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. அரை விரல் அளவு முடி, பாதி நரை. யாருடையதோ கால்சட்டை, இடுப்பில் கயிறு மாதிரி பெல்ட்.

மாடியில் இருந்தவர்கள் எல்லாரும் இறங்கி வந்துவிட்டார்கள். "என்ன சாப்பிடுறே தவின்?" என்றார் தெங்.

"ஆத்மாவுக்கு ஒரு கட்டங்காப்பி" என்றார் அவர், பிட்சுக்கள் தம்மைச் சொல்லிக்கொள்ளும் முறையில். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தார். சதபோன் சிரித்துச் சிரித்து இருமல் வந்து உட்கார்ந்துவிட்டார். "ஆத்மாவுக்கு ஒரு இன்சூரன்ஸும் போட்ருவோம்!"

ஜின்தனாவுக்கு ஆள் அனுப்பினோம். அவள் கையில் அளவு நாடாவோடு வந்து வாசலில் நின்றாள். அவர் எழுந்து நின்றார். இத்தனை ஆண்டுகள் பேசாததையெல்லாம் பேசிவிடுவார்கள் என்று நாங்கள் எல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம்.

"சாப்டீங்களா?" என்றாள் அவள்.

"சாப்ட்டாச்சு யோம்" என்றார்.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அவள் பின்பக்கம் போய் என் தம்ளர்களையெல்லாம் கழுவ ஆரம்பித்தாள். கழுவிய தம்ளர்களையே மறுபடி கழுவினாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் மாடிக்கு வந்து உட்கார்ந்தார். எழுத்துகள் கூட்ட வரவில்லை. சின்னச் சின்னச் சொல் வைத்தார். ஒருநாள் மேகம் திரண்டு காற்று குளிர்ந்தது. ஜின்தனா ஜன்னலைப் பார்த்துவிட்டு, சாதாரணமாகச் சொல்வது போல, "க்வே" என்றாள்.

"என்ன?" என்றார் தவின். நிஜமாகவே கேட்டார். முகத்தில் ஒன்றுமே இல்லை.

"ஒண்ணுமில்ல. மழை வருது."

அன்று மாலை கடை சாத்தும்போது அவள் என்னிடம், "அன்னைக்குக் கோயில்ல அவர் பொய் சொல்லலை அக்கா. நிஜமாவே மறந்துட்டார்" என்றாள்.

கொஞ்ச நாளில் ரச்சனி தாம்பூலத் தட்டு இல்லாத குறையாக வந்து பெண் கேட்டாள். ஜின்தனா வேண்டாம் என்றுவிட்டாள். எனக்குக் கோபம் வந்தது. "உனக்குப் பைத்தியமாடி? இதுக்குத்தானே இவ்வளவு காலம் வாசல்ல நின்னே?"

"நான் யாருக்காக நின்னேனோ அந்த ஆளு வரலை அக்கா. வேற யாரோ வந்திருக்காங்க. நல்லவங்கதான். ஆனா இவரைப் பாத்தா அவர் ஞாபகம் இன்னும் ஜாஸ்தி வருது. எதிர்ல உக்காந்திருக்கிற ஆளை நெனைச்சு எப்படி ஏங்குறது? சொல்லுங்க."

தெங் உள்ளே ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தார். ஏங்கும்படி அவர் என்னை ஒரு நாளும் விட்டதில்லை.

அடுத்த மே மாதத்தில் ஜின்தனாவுக்கு ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. தள்ளித் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். "கண்ணாடி போட்டுக்கோ, ஊர்ல வேற கண்ணாடிக் கடையா இல்ல?" என்றேன். வேறு இரண்டு கடை இருந்தது. அவள் தவினின் கடைக்குத்தான் போனாள். என்னையும் கூட்டிக்கொண்டாள், பழைய பழக்கத்தில்.

அவர் அவளை நாற்காலியில் உட்காரவைத்தார். சோதனைச் சட்டத்தை எடுத்து இரண்டு கையாலும் அவள் முகத்தில் மாட்டினார். காதுக்குப் பின்னால் முடியை ஒதுக்கிக் கம்பியைச் சரிசெய்தார். மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போன காலத்திலும் அவள் அவர் தோளைத் தொட்டதில்லை, இருக்கையின் கம்பியைத்தான் பிடித்துக்கொள்வாள். அவள் அசையாமல் இருந்தாள். கண்ணாடி வில்லைகளை ஒவ்வொன்றாக மாற்றி, "இது தெளிவா, அது தெளிவா" என்று அவர் கேட்டுக்கொண்டே வந்தார். நடுவில் கை நின்றது.

"ஒண்ணு கேக்கணும்" என்றார், தரையைப் பார்த்தபடி. "ஒரு மழைக்காலத்துல உன் இடது கால் சுண்டுவிரல் நகம் கறுத்துப் போயிருந்துச்சு. ரொம்ப நாள் இருந்துச்சு. என்ன ஆச்சு அதுக்கு?"

அவள் திகைத்தாள். "கத்தரிக்கோல் விழுந்துச்சு. பெரிய கத்தரிக்கோல். நீங்க எப்ப...?"

"பாத்திரம் ஏந்தி வர்றப்ப நிமிந்து பாக்கக் கூடாது. முகத்தைப் பாக்கலை நான். கால் தெரியும். தெரு திரும்பினதும் எந்தக் கால்னு தெரிஞ்சுடும். அந்த நகத்தைப் பாத்து, கேக்க முடியாம, அன்னைக்குச் சோறே இறங்கலை. சொல்லெல்லாம் மறந்து போச்சு ஜின். முயற்சி பண்ணித்தான் மறந்தேன், இல்லாட்டி அங்க இருந்திருக்க முடியாது. காலை மறக்க முடியல."

"வலிச்சுதா?" என்று அதன் பிறகு கேட்டார்.

"வலிச்சுது" என்றாள். அவள் அழத் தொடங்கினாள். சோதனைச் சட்டம் மூக்கில் கனமாக உட்கார்ந்திருக்க, கண்ணீர் அதற்குள் தேங்கியது. அவர் அதைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடி துடைக்கும் அந்த மெல்லிய துணியால் கண்ணாடியைத்தான் துடைத்தார், நெடுநேரம். அதற்கு மேல் அங்கே எனக்கு வேலையில்லை. கடையில் பால் பொங்குகிறது என்று ஏதோ சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

மாவட்ட அலுவலகத்தில் பதிவு செய்துகொண்டார்கள். நானும் சதபோனும் சாட்சிக் கையெழுத்து. அவர் ஐம்பதைத் தாண்டியிருந்தார், அவள் தொட்டுக்கொண்டிருந்தாள். கண்ணாடிக் கடைக்குப் பின்னால் இரண்டு அறை. மாமாவுக்குக் கஞ்சி ஊட்டுவதும், தைப்பதும், சண்டை போடுவதுமாக எல்லார் வீடு மாதிரியும்தான் இருக்கிறது. பழைய தவினைப் பற்றி அவள் இன்னும் சில சமயம் என்னிடம் பேசுவாள், ஊரை விட்டுப் போன ஒருவரைப் பற்றிப் பேசுவது போல. "இவர்கிட்ட சொல்லிடாதீங்க" என்பாள்.

போன மாதம் பேங்காக்கில் ஒரு பெரிய போட்டி. ஜின்தனா ஆடப் போனாள். என் தங்கை வீடு அங்கே இருப்பதால் நானும் கிளம்பினேன். மாமாவை விட்டு வர முடியாது என்று தவின் ஸ்டேஷன்வரை மட்டும் வந்தார். வண்டி நகர்ந்ததும் மேடையில் கூடவே கொஞ்ச தூரம் நடந்தார், பிறகு நின்றுவிட்டார். அவள் ஜன்னலில் கழுத்தை நீட்டி, அவர் புள்ளியாகி, வளைவில் மரங்கள் மறைக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

முகத்தில் காற்று கலைத்த முடியோடு திரும்பி உட்கார்ந்தாள். கண் கலங்கியிருந்தது. "என்னடி, நாலு நாளுக்கு இப்படியா?" என்றேன்.

"நல்லா இருக்கு அக்கா" என்றாள். "இந்தத் தடவை டிக்கெட் போக, வர ரெண்டுக்கும் எடுத்திருக்கு."

அடுத்த ஸ்டேஷனில் பொரித்த கோழி விற்கிறவள் கூடையோடு ஏறினாள். ஜின்தனா அவளைக் கைதட்டிக் கூப்பிட்டாள்.